லூசான சைற்றுக்கு எது சரி: சுப்பர் குளூவோ, அரல்டைற்றோ, லொக்ரைற்றோ?

சித்தப்பான்ர மகன் ஸ்காபரோவில இருக்கிறான். போன மாசம் நடுச்சாமத்தில வீடியோ கோல் எடுத்து "அண்ணை, துவக்கின்ர முன் சைற் ஆடுது, என்ன பூசலாம்" எண்டு கேக்கிறான். சைற் எண்டது குழலுக்கு மேல இருக்கிற, குறி பாக்கிற துண்டு. துவக்கு எண்ட சொல்லு போனில சத்தமாக் கேட்டதும் அம்மா எழும்பி வந்து கேற் பூட்டிக் கிடக்கோ எண்டு பாத்தவ. எயார் ரைபிள் அம்மா, மட்டையில ஒட்டின கடதாசிக்குச் சுடுறது, அதுவும் கனடாவில எண்டு சொல்லி அவவைத் திருப்பிப் படுக்க விடவே பத்து நிமிசம் போட்டுது. அங்க சட்டம் வேற. செக்கனுக்கு 152.4 மீற்றர் வேகம், 5.7 ஜூல் சக்தி, இந்த ரெண்டையும் தாண்டினாத்தான் லைசன்ஸ், இவன்ர அதுக்குக் கீழ. இஞ்ச இலங்கையில கதை அப்பிடியில்லை, உதை வாசிச்சிட்டு ஆரும் வாங்கித் தாங்கோ எண்டு வெளிநாட்டுச் சொந்தத்துக்குக் கோல் எடுக்காதேங்கோ.

நான் துவக்குக்காரன் இல்லை. கொக்குவில்ல மோட்டச்சைக்கிளும் தண்ணிப் பம்பும் திருத்துறவன். ஆனா அதிர்ற சாமானில சின்ன ஸ்குரூ கழண்டு கழண்டு வாறது எல்லாத்திலயும் ஒரே வருத்தம்தான். ஸ்பிறிங் வைச்ச எயார் ரைபிள் இன்னும் மோசம், சுடேக்க உள்ளுக்குப் பிஸ்ரன் முன்னால பாய துவக்கு பின்னால உதைக்கும், பேந்து பிஸ்ரன் போய் முட்ட துவக்கு முன்னால இழுபடும், ஆக ஒரு வெடிக்கு ரெண்டு பக்கமும் உலுப்பல். அதால தான் ஸ்கோப்பே, குறி பாக்கிற அந்தத் தூரக் கண்ணாடியே, உடையிறது.

ஆடினா என்ன எண்டு கேப்பியள். முன் சைற்றுக்கும் பின் சைற்றுக்கும் இடையில 50 சென்ரிமீற்றர் எண்டு வைப்பம். முன் சைற் அரை மில்லிமீற்றர் அரக்கினாலே 10 மீற்றரில வெடி ஒரு சென்ரிமீற்றர் விலத்திப் போகும். அவன் ஒரு மாசமாத் தன்ர கண்ணில பிழை எண்டு நினைச்சுக் கண்ணாடி மாத்தப் போனவன்.

சரி, முதல் சுப்பர் குளூ. எல்லாரும் முதல் ஓடுறது இதுக்குத்தான், அவனும் எனக்குக் கோல் எடுக்க முதலே ஒரு ரியூப்பை ஊத்திட்டான். காத்தில உள்ள ஈரத்தில இறுகிற சாமான், பத்து செக்கனில பிடிக்கும், அந்தச் சந்தோசம் மட்டும்தான். இறுகினாப் பிறகு கண்ணாடி மாதிரி, இழுத்தா நிக்கும், தட்டினா வெடிக்கும். துவக்கில இருக்கிறது முழுக்கத் தட்டல்தான். அதோட இறுகேக்க வாற ஆவி பக்கத்தில படிஞ்சு, அந்தக் கறுப்புக் குழலில திருநீறு பூசின மாதிரி வெள்ளை பிடிச்சுக் கிடக்கு. அசிற்றோன் தேய்ச்சு எடுக்கலாம், ஆனா சைற்றுக்கு நடுவில பிளாஸ்ரிக் துண்டிருந்தா அசிற்றோன் அதையும் கரைச்சுப் போடும்.

அரல்டைற் வேற ரகம். ரெண்டு ரியூப்பிலயும் சம அளவு எடுத்துக் குழைச்சுப் பூசினா இடைவெளியையும் நிரப்பும், அதிர்வையும் சுப்பர் குளூவை விட நல்லாத் தாங்கும். பம்பின்ர வெடிச்ச மூடியை இதால ஒட்டி ரெண்டு போகம் வெங்காயத்துக்குத் தண்ணி இறைச்ச ஆக்கள் இருக்கினம். ஆனா சைற்றுக்கு நான் விடமாட்டன். சைற் எண்டது பேந்து அரக்கவேண்டிய சாமான், இதைப் பூசினா அது குழலோட பிறந்த மாதிரி. அலன் கீ, அதுதான் ஆறு மூலைச் சாவி, போற ஓட்டைக்குள்ள ஒரு துளி இறங்கிட்டுதோ, ஸ்குரூவின்ர கதை முடிஞ்சுது. சைற்றின்ர அடியே உடைஞ்சு போச்சு, புதுசும் கிடைக்காது எண்டா மட்டும் யோசிக்கலாம்.

எங்கட ஐயாவின்ர முறையும் ஒண்டிருக்கு. சண்டை நேரம் பொருளாதாரத் தடைக் காலத்தில பற்றரியும் வராது ஒண்டும் வராது, சைக்கிள் டைனமோவில ரேடியோ கேட்ட நாள், அப்ப ஸ்குரூவில தையல் நூலை ரெண்டு சுத்துச் சுத்தி முறுக்கி, மேல நெயில் பொலிஷ் ஒரு சொட்டு விடுவார். சிரிக்காதேங்கோ, சும்மா முறுக்கினதை விட அது எவ்வளவோ மேல், கழட்டவும் லேசு.

லொக்ரைற். ஸ்குரூ கழராம இருக்க அதின்ர மரையில விடுற ஒட்டு. 1953-இல வேர்னன் கிறீபிள் எண்ட இரசாயனப் பேராசிரியர் அமெரிக்காவில கண்டுபிடிச்சது. காத்துப் படாம இரும்போட முட்டினாத்தான் இறுகும், சுப்பர் குளூவுக்கு நேர் எதிர். போத்தலுக்குள்ள இறுகாம இருக்கக் காத்து வேணும், அதால பாதிக்கு மேல நிரப்ப மாட்டினம். இது தெரியாம அவன் கடைக்காரன் குடிச்சுப்போட்டுத் தந்த மாதிரி போத்தலைக் கமராவுக்கு முன்னால ஆட்டி ஆட்டிக் காட்டுறான்.

இதில நிறம்தான் முக்கியம். ஊதா 222, சின்ன ஸ்குரூவுக்கு, மெதுவான பிடி. நீலம் 243, நடுத்தரம், கொஞ்சம் எண்ணெய் இருந்தாலும் பிடிக்கும், கைச் சாவியால கழட்டலாம். சிவப்பு 271 எண்டா கழட்ட 250 பாகையளவு சூடு காட்ட வேணும். 1.5 மில்லி அலன் கீ போற M3, அதாவது 3 மில்லி மொத்த, ஸ்குரூவில சிவப்பைப் பூசினா முதல் வழுக்கிறது சாவியின்ர முனைதான், பிறகு துளைச்சுத்தான் எடுக்கலாம். அவனுக்கு 'ஸ்ரோங்' எண்டா நல்லது எண்ட நினைப்பு, அந்தச் சிவப்பைத் திருப்பிக் குடுக்க வைக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மற்றது, லொக்ரைற் பிளாஸ்ரிக்கில பட்டா சில பிளாஸ்ரிக் நூல் நூலா வெடிக்கும், அதால ஒரு சொட்டு எண்டா ஒரு சொட்டுத்தான்.

கதையை நம்பாதவன் நான். பழைய பம்பொண்டின்ர அடித்தகட்டில நாலு M4 ஸ்குரூ போட்டன், ஒண்டு சும்மா, ஒண்டு நெயில் பொலிஷ், ஒண்டு சுப்பர் குளூ, ஒண்டு நீலம். உரும்பிராயில ஒரு தோட்டக்காரர் ரெண்டு கிழமை அதை ஓட்டினவர். சும்மா போட்டது மூண்டாம் நாளே காணாமப் போட்டுது. சுப்பர் குளூ வெள்ளைத் தூளா உதிர்ந்து ஸ்குரூ கையால சுத்துது. நெயில் பொலிஷ் கால் சுத்து இளகியிருந்தது. நீலம் பூசினது நான் கீறி வைச்ச கோட்டை விட்டு அசையேல்லை. பம்பும் துவக்கும் ஒண்டில்லைத்தான், ஆனா ஆர் முதல் ஓடுறான் எண்டு பாக்க அது காணும்.

ஒரு விசயம், ஸ்குரூ இறுக்கமா இருந்தும் சைற் ஆடினா, அது இருக்கிற பள்ளம் தேஞ்சிட்டுது. அதுக்கு எந்த ஒட்டும் சரிவராது. சோடா ரின்னை வெட்டி ஒரு கீலம் அடியில வைச்சால் 0.1 மில்லியளவு கிடைக்கும், அது காணும். ஈயம் வைச்சு ஒட்டுவமோ எண்டும் கேட்டான். கன்னாதிட்டியில நகை வேலை செய்யிற ஒருத்தரிட்டக் கேட்டன், ஈயத்துக்கு முதல் பூசுற அமிலத்தைச் சரியாக் கழுவாட்டிக் கறள் பிடிக்கும், எனக்கு வேண்டாம் தம்பி எண்டிட்டார்.

கடைசியில அவனைக் கொண்டு செய்விச்சது இதுதான். குண்டில்லை எண்டு ரெண்டு தரம் பாத்து, ஸ்பிறிங்கை இழுக்காம வைச்சு, பழைய குளூவைச் சுரண்டி, ஸ்குரூவைத் துடைச்சு, நீலம் ஒரு சொட்டு. மேல அவன்ர மனுசியின்ர சிவப்பு நெயில் பொலிஷால ஸ்குரூவுக்கும் சைற்றுக்கும் குறுக்கால ஒரு கோடு, இளகினா கோடு முறியும். 24 மணித்தியாலம் தொடாத எண்டன். ரெண்டு மணித்தியாலத்தில சுட்டுப் பாத்திட்டான், கோடு முறிஞ்சிட்டுது, திருப்பி முதல்ல இருந்து. ரெண்டாந்தரம் பொறுத்தவன். இப்ப 500 குண்டு ரின்னில பாதி முடிச்சிட்டான், கோடு அப்பிடியே கிடக்கு. அந்தப் பொலிஷ் போத்தலைத்தான் மனுசி இன்னும் தேடுறாவாம்.