கட்டிங் வீலா, கிரைண்டிங் வீலா?

ஆங்கிள் கிரைண்டரை (சுழலும் வீலால் இரும்பை வெட்டவும் தேய்க்கவும் உதவும் கை மெஷின்) புதிதாகக் கையில் எடுப்பவர்கள் ஒரே வீலை வைத்து எல்லா வேலையையும் முடிக்கப் பார்ப்பார்கள். வம்பே அங்கேதான்.

கட்டிங் வீல் மெல்லியது; கனம் 1 முதல் 3 மி.மீ. வெட்டுவது விளிம்பு மட்டும்தான். பைப்பை அறுத்து முடித்த கையோடு, பிசிறு தேய்க்க அதையே பக்கவாட்டில் அழுத்தினால் உடைந்து தெறிக்கும். இன்னொன்று: இரண்டு முனையிலும் முட்டுக்கொடுத்து நடுவில் அறுத்தால், பைப் தொய்ந்து வெட்டு வாய் மூடி வீலைக் கவ்வும். மெஷின் ஆளைப் பார்த்து உதறும். அறுபடும் துண்டு தானாகக் கீழே விழும்படி வையுங்கள். வீலை மறைக்கும் கார்டு (காப்பு மூடி) இருபுறமும் மூடியதாக இருக்கட்டும்.

கிரைண்டிங் வீல் தடிமன், சுமார் 6 மி.மீ. 15 முதல் 30 டிகிரி சாய்த்து வெல்டிங் மேட்டைத் தேய்க்கலாம். இதில் வெட்ட வராது. கை பழக நான் இதைத்தான் முதலில் மாட்டச் சொல்வேன்.

எதை மாட்டினாலும் முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். வீலில் அச்சிட்ட ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற வேகம்), மெஷினுடையதைவிடக் குறையக் கூடாது. மாட்டியபின் ஒரு நிமிடம் சும்மா ஓடவிடுங்கள், வீலுக்கு நேரே நிற்காமல். பாதுகாப்புக் கண்ணாடியோடு, முகம் முழுதும் மறைக்கும் ஃபேஸ் ஷீல்டும் போடுங்கள். தளர்ந்த சட்டைக் கை வேண்டாம்.