தெளிப்பு நீர் மானியமா, படித்தள உதவியா? நீலகிரிச் சரிவு நிலத்துக்கான ஓர் ஒப்பீடு

கேத்திப் பள்ளத்தாக்கில் கேரட்டையும் உருளைக்கிழங்கையும் மாற்றி மாற்றிப் பயிரிடும் சரிவு நிலம் எங்களுடையது. ஐந்து ஏக்கருக்கும் குறைவு என்பதால் அரசுக் கணக்கில் நாங்கள் சிறு விவசாயிகள். அரசின் உதவியோடு நிலத்தைக் காக்க எண்ணியபோது இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, தோட்டக்கலைத் துறை வழியே கிடைக்கும் தெளிப்பு நீர்ப் பாசன மானியம். மற்றொன்று, மலைப்பகுதிக்கென ஒதுக்கப்படும் நிதியில் வேளாண்மைப் பொறியியல் துறை செய்து தரும் மண் வளப் பாதுகாப்புப் பணிகள், அதாவது படித்தளம் (சரிவைப் படிபடியாக வெட்டிச் சமப்படுத்திய தளம்), கல் தடுப்புச் சுவர், வடிகால் ஆகியவை. நாங்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தோம். ஆகவே இந்த அலசலும் அந்தப் பக்கமே சாயும்.

கையிலிருந்து போகும் பணத்தை மட்டும் பார்த்தால் தெளிப்பு நீர்தான் வெல்லும். தமிழ்நாட்டில் தெளிப்பு நீரும் அடங்கிய நுண்ணீர்ப் பாசனம் அமைக்கச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 விழுக்காடும் ஏனையோருக்கு 75 விழுக்காடும் மானியம் உண்டு. சிட்டா, அடங்கல், நில வரைபடம், வட்டாட்சியரின் சிறு விவசாயி சான்று ஆகியவை கையில் இருந்தால் விண்ணப்பிப்பதில் பெரிய சிக்கல் இல்லை. மண் பாதுகாப்புப் பணிகளோ அந்தந்த ஆண்டின் நிதி ஒதுக்கீட்டைப் பொறுத்தவை. அதோடு, நீலகிரியில் மண் அள்ளும் இயந்திரத்தை இறக்க மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும் என்பதால், படித்தளம் வெட்டும் வேலையில் பெரும்பகுதி மண்வெட்டியாலேயே நடக்கிறது. கூலிச் செலவு ஏறுகிறது.

ஆனால், நிலம் எப்போது கெடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். இங்கே உருளைக்கிழங்குக்கு நீர்போகம், கார்போகம், கடைபோகம் என மூன்று பருவங்கள். தெளிப்பான் முழுமையாக உழைப்பது ஆண்டின் தொடக்கத்தில் விதைக்கும் நீர்போகத்தில்தான். உறைபனி விழும் விடியற்காலைகளில் பயிரின்மேல் படிந்த பனியைக் கழுவவும் அது உதவும் என்பதை மறுக்க முடியாது. மேல்மண் ஓடைக்குப் போவதோ மற்ற இரண்டு போகங்களின் மழையில். அப்போது தெளிப்பான் கொட்டகையில் கிடக்கும். நீரைச் சிக்கனப்படுத்தும் கருவியை மண்ணைக் காக்கும் ஏற்பாடாக எண்ணிவிடக் கூடாது.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. மானியம் என்பது அமைக்கும் நாளுக்கு உரியது. அதன் பிறகு வரும் செலவெல்லாம் விவசாயியுடையது. தெளிப்பு நீர் அமைப்பை மட்டமான நிலத்துக்கும் சரிவுக்கும் ஒரே கணக்கில் பார்க்க முடியாது. பத்து மீட்டர் இறக்கத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ வீதம் குழாயில் அழுத்தம் கூடுவதால், மேல் வரிசைத் தெளிப்பான் சோம்பலாகச் சுற்றும்போது கீழ் வரிசையில் இணைப்புகள் பிதுங்கிக் கழன்றுவிடும். அழுத்தத்தைச் சீராக்கும் கட்டுப்பாட்டு வால்வுகளை வைத்தால் அவற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஓடை நீரில் வண்டல் வருவதால் வடிகட்டியை அடிக்கடி கழுவ வேண்டும். இரவில் தோட்டத்துக்குள் வரும் காட்டெருமை குழாயை மிதித்துவிட்டுப் போகும்; அதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. உடைந்த பாகம் ஒவ்வொன்றையும் காசு கொடுத்துக் கடையில்தான் வாங்க வேண்டும். அதே நிலத்துக்கு மறுபடி மானியம் கேட்க ஏழு ஆண்டுகள் கழிய வேண்டும்; இங்கே அக்கம்பக்கத்தில் பார்த்தவரை அதற்குள் பாதிப் பொருள்களை மாற்றியிருப்பார்கள்.

படித்தளத்துக்கும் பராமரிப்பு உண்டு, ஆனால் அதற்கு வேண்டியது உழைப்பு மட்டுமே. எங்கள் நிலத்தில் தளங்கள் வெளிப்பக்கம் சாயாமல் மலைப்பக்கமாகச் சற்றே உள்சாய்வு கொண்டவை. மழைநீர் உள் ஓரத்து வாய்க்காலில் இறங்கி, பக்கவாட்டில் மெல்ல நகர்ந்து, கல் பாவிய வடிகாலுக்குப் போய்ச் சேரும். ஆண்டுதோறும் மழைக்கு முன்பு அந்த வாய்க்காலில் தேங்கிய மண்ணை வாரி மறுபடி தளத்தின்மேல் போடுகிறோம். சரிந்த விளிம்பைத் தட்டிச் சீர்செய்கிறோம். தளங்களுக்கு இடையிலான இறக்கத்தில் வளர்த்திருக்கும் தீவனப்புல்லை அறுத்து மாட்டுக்குப் போடுகிறோம். வாய்க்காலை ஒரு மழைக்காலம் கவனிக்காமல் விட்டால் நீர் தளத்தின் மேலேறி விளிம்பை உடைத்துவிடும் என்பது உண்மை. ஆனால் உடைந்ததைச் சரிசெய்யத் தேவையான மண்ணும் கல்லும் அங்கேயே கிடக்கின்றன.

குறைகளையும் சொல்ல வேண்டும். தளத்தின் இறக்கங்களும் வாய்க்காலும் சாகுபடிப் பரப்பில் கணிசமான பங்கை விழுங்கிவிடுகின்றன. மேல்மண்ணைத் தனியே ஒதுக்கி வைத்து, வெட்டி முடித்தபின் மேலே பரப்பாவிட்டால், அடிமண் வெளியே வந்து முதல் சில போகங்கள் கேரட் தேறாது. புளிப்புத் தன்மையுள்ள நம் மண்ணில் சுண்ணாம்பும் தொழுவுரமும் வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தேவைப்படும். 2009 நவம்பரில் இதே கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படியொரு மழையை எங்கள் தடுப்புச் சுவர் இன்னும் சந்திக்கவில்லை, ஆகவே பெருமழையிலும் அது நிற்கும் என்று என்னால் உறுதி கூற இயலாது.

வேறு திட்டங்களும் இருக்கின்றன. விளைநிலங்களில் மரம் வளர்க்கும் பசுமைப் போர்வைத் திட்டத்தில் கன்றுகள் இலவசம். ஓடைக்கரையில் நாட்டு மரங்களை வைப்பவர்களுக்கும், பறவைகளும் தேனீக்களும் வரவேண்டும் என்று நினைப்பவர்களுக்கும் அது நல்லது. ஆனால் 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சொந்த நிலத்து மரமானாலும் வெட்ட அனுமதி வேண்டும் என்பதை நடும்போதே நினைவில் கொள்ள வேண்டும். இயற்கை வேளாண்மைக்கான உதவி பெரும்பாலும் தனி ஆளாகப் பெறுவதன்று; குழுவாகச் சேர வேண்டும், எங்கள் பக்கத்தில் அது கைகூடவில்லை.

நிலம் ஏற்கெனவே படித்தளமாக இருந்து நீர்போகத்தில் மட்டும் தண்ணீர் போதாதவர்கள் தயங்காமல் தெளிப்பு நீருக்கே விண்ணப்பிக்கலாம். எங்கள் வாதம் அவர்களுக்குப் பொருந்தாது. தேயிலை வைத்திருப்பவர்களுக்கும் நான் ஆலோசனை சொல்லத் துணிய மாட்டேன். அங்கே படித்தளத்தைவிடச் சமமட்ட வரியில் (சரிவின் குறுக்கே ஒரே உயரத்தில் செல்லும் கோட்டில்) விட்டு விட்டு வெட்டும் குழிகளே பொருத்தம் என்று கேட்டிருக்கிறேனே தவிர, கையால் செய்து பார்த்ததில்லை. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் பிரிவு 17 நிலத்தில் (ஜன்ம நில ஒழிப்புச் சட்டத்தின் அந்தப் பிரிவில் வரும், உரிமை முடிவாகாத நிலம்) இருப்பவர்களுக்கோ, பட்டா இல்லாததால் நிலப் பத்திரம் கேட்கும் இந்தத் திட்டங்களுக்கு விண்ணப்பிப்பதே கடினம். அவர்கள் முதலில் வட்டாட்சியர் அலுவலகத்தில் தங்கள் நிலத்தின் நிலையை எழுத்து வடிவில் கேட்டுப் பெறுவது நல்லது.