உட்துறைமுக வீதி அலுவலகத்தில் பொருத்திய தொலைபேசி இணைப்பகம்

திருகோணமலை உட்துறைமுக வீதியிலுள்ள எமது சிறிய கணக்காய்வு அலுவலகத்தில், 3 வெளி இணைப்புகளையும் 8 உள் இணைப்புகளையும் தாங்கும் பனசோனிக் டிஇஎஸ்824 இணைப்பகத்தை (வெளி இணைப்புகளை அலுவலக அறைகளின் தொலைபேசிகளுக்குப் பகிரும் பெட்டியை) நகரத்து நிறுவுநர் ஒருவர் ஒரே நாளில் பொருத்தித் தந்தார். விரிவாக்க அட்டைகளைச் சேர்த்தால் உள் இணைப்புகளை 24 வரை பெருக்கலாம் என்பதாலேயே இதைத் தெரிவுசெய்தோம்.

வயரிங் வேலை மிக நேர்த்தி. தொலைபேசிக் கம்பிகளை மின்கம்பிகளோடு ஒரே குழாயில் விடாமல் தனியாகக் கொண்டுசென்று, ஒவ்வொரு கம்பிச் சோடியின் இரு முனைகளிலும் அறை இலக்கத்தை எழுதி ஒட்டியிருந்தார். கடற்காற்றின் உப்பினால் செப்புமுனைகளில் பச்சைக் களிம்பு படியும் என்று விளக்கி, நான் ஜன்னலோரம் வைக்கக் கேட்ட பெட்டியை உட்சுவரில் பொருத்தியது மிகச் சரியான முடிவு.

ஆனால், மின்னல் தடுப்பானைப் பொருத்திய அவர், அதன் புவித்தொடுப்புக் கம்பியை இணைக்காமலே சென்றுவிட்டார். மின்னல் பாய்ச்சலை நிலத்துக்குள் இறக்க வழியில்லாத தடுப்பான் இருந்தும் பயனில்லை. ஒக்டோபர் இடிமழைக்கு முன், இருமுறை அழைத்த பின்னரே வந்து சரிசெய்தார். இதை நான் பெருங்குறையாகவே கருதுகிறேன்.

மின்சாரம் நின்றால் முதலாவது வெளி இணைப்பு நேரே முதலாவது உள் இணைப்புக்கு மாறும். அங்கே தனி மின்சாரம் தேவைப்படாத சாதாரணத் தொலைபேசியே இருக்க வேண்டுமென்று அவர் வற்புறுத்தி வைத்தது, சென்ற வார மின்தடையின்போது கைகொடுத்தது.