புகை, வைக்கோல், காபைட் கல், எதிலீன்: எந்த வழியில் பழம் பழமாகிறது?

ஒரே மரத்து வெள்ளைக்கொழும்பான் மாங்காய், ஒரே காலையில் ஆய்ந்தது. ஒரு கடகத்தை அம்மா வைக்கோலுக்குள் வைத்தார். மற்றதை வாங்க வந்த வியாபாரி எங்கள் முற்றத்திலேயே பெட்டிகளில் அடுக்கி, ஒவ்வொன்றின் நடுவிலும் கடதாசியில் சுற்றிய காபைட் கல்லை வைத்து மூடினார். மூன்றாம் நாள் கிளிநொச்சிச் சந்தையில் அவருடைய பழங்கள் பளிச்சென்ற மஞ்சள். அம்மாவுடையவை அப்போதும் பாதி பச்சை. சந்தையில் இரண்டு பழம் வாங்கி வந்து வெட்டினேன். தோல் பழுத்திருந்தது, கொட்டையைச் சுற்றி வெளிறிய காய். பார்மசியில் வாங்கிய அயடீனில் ஒரு துளி விட்டேன். கொட்டைப் பக்கம் கருநீலமானது. ஆறாம் நாள் அம்மாவின் பழத்தை வெட்டி அதே அயடீனை விட்டபோது அது மண்ணிறமாகவே நின்றது.

அன்றைக்கு முழுக் கோபமும் கல்லின் மேல்தான் போனது. பிறகு நிதானமாக யோசித்தால், அது நியாயமான ஒப்பீடு இல்லை. அம்மா தோள் திரண்ட காய்களாகப் பார்த்து எடுத்திருந்தார். வியாபாரியின் பெட்டிக்குள் முற்றாத காய்களும் போயிருந்தன. நாங்கள்தான் அவசரத்தில் கொக்கத்தடியால் எல்லாவற்றையும் இழுத்து விழுத்தினோம். ஆகவே, எந்த வழி நல்லது என்று சொல்வதற்கு முன்னால், பழுக்க வைக்கும் வழி எதைச் செய்கிறது, மரம் எதைச் செய்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இனிப்பை மரம் தருகிறது. முற்றும் காலத்தில் மாங்காயும் வாழைக்காயும் அதை மாப்பொருளாகச் சேர்த்து வைக்கின்றன. பச்சை வாழைக்காயின் சதையில் நூற்றுக்கு 20 முதல் 25 பங்கு மாப்பொருள். நன்றாகப் பழுத்த பிறகு அது 1, 2 பங்காக இறங்கி, அந்த இடத்தில் ஏறக்குறைய 20 பங்கு வெல்லம் வந்துவிடும். மாங்காயில் இதோடு புளிப்பும் இறங்குகிறது. பச்சையில் 2, 3 வீதம் இருக்கும் அமிலம் பழத்தில் அரை வீதத்துக்கும் கீழே போகிறது. செல்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பெத்தின் கரைந்து சதை இளகுகிறது. தோலில் பச்சையம் உடைந்து கரொட்டீன் என்ற மஞ்சள் நிறப்பொருள் தெரிய வருகிறது. இத்தனைக்கும் ஆளி (சுவிட்ச்) போல இருப்பது எதிலீன் என்ற வாயு. தெருவிளக்கு வாயுவில் செடிகளைப் பாதிப்பது இதுதான் என்று 1901இல் நெல்யூபோவ் என்ற ரஷ்யர் கண்டுபிடித்தார். பழுக்கும் அப்பிளே இந்த வாயுவை விடுகிறது என்பது 1934இல் நிறுவப்பட்டது.

ஆளியைப் போட்டால் உள்ளே இருப்பதுதான் எரியும். மாப்பொருள் சேராத காய்க்கு எந்த வழியிலும் இனிப்பு வராது. ஆனால் பச்சையம் உடைவதற்கு மாப்பொருள் தேவையில்லை, அதனால் தோல் மட்டும் ஏமாற்றும் மஞ்சளாகிவிடும்.

சரி, இப்போது நாலு வழிகளுக்கும் வருகிறேன்.

வைக்கோல் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அது எதையும் சேர்ப்பதில்லை. காய் தானே விடும் எதிலீனைச் சுற்றி நிறுத்தி வைக்கிறது, இரவுக் குளிரையும் பகல் காற்றையும் மட்டுப்படுத்துகிறது. பழுத்த வாழைப்பழம் ஒன்றை நடுவில் வைத்தால் ஒரு நாள் முந்தும். குறை என்னவென்றால் ஒரே நாளில் எல்லாம் பழுக்காது. வீட்டுக்கு அது குறையே இல்லை, தினமும் நாலு பழம் எடுக்கலாம். லொறிக்கு ஏற்றுகிறவருக்கு அதுதான் பெரிய நட்டம்.

புகை வன்னியில் வாழைக்குலைக்குப் பழகிய வழி. கிடங்கு வெட்டி, வாழைச்சருகு பரப்பி, குலைகளை அடுக்கி, மேலே சாக்கும் மண்ணும் போட்டு மூடி, ஒரு பக்கத் துளையால் பொச்சுமட்டைப் புகையை ஊதிவிடுவார்கள். சிறுவயதில் புகை போட்ட மண்முட்டியில் வாய் வைத்து ஊதிக் கண் எரிந்த நாட்கள் இன்னும் நினைவிருக்கின்றன. பொச்சு சரியாக எரியாமல் புகையும்போது எதிலீன், அசற்றிலீன், காபனோரொட்சைட்டு என்ற மூன்று வாயுக்களும் வருகின்றன. எதிலீன்தான் ஆளி. மற்ற இரண்டும் அதே ஆளியைக் கொஞ்சம் பலவீனமாகத் தட்டக்கூடியவை. ஆக, எங்கள் பெரியவர்கள் பெயர் தெரியாமலே எதிலீன் கொடுத்திருக்கிறார்கள். இதை நான் பெருமையாகவே சொல்கிறேன். கதலிக்கும் இதரைக்கும் இது நன்றாக வேலை செய்கிறது, செலவும் இல்லை.

ஆனால் புகையின் அளவு கையில் இல்லை. ஒரு கிடங்கு நன்றாக வரும், அடுத்தது ஒரு பக்கம் வெந்து மறுபக்கம் காயாக இருக்கும். மூடிய கிடங்கில் காய்கள் சுவாசித்து விடும் காபனீரொட்சைட்டு தேங்கினால், அதுவே எதிலீனின் வேலையைத் தடுக்கும். வணிகப் பழுக்கவைப்பு அறைகளில் அதை 1 வீதத்துக்குக் கீழே வைப்பதற்காக அடிக்கடி கதவைத் திறந்து விடுவார்கள். சூடும் சேர்ந்துகொள்கிறது. 24 பாகை செல்சியசுக்கு மேல் போனால் கவெண்டிஷ் இன வாழையின் சதை பழுத்தாலும் தோல் பச்சையாகவே நின்றுவிடும். வைகாசியில் வன்னி நிழலே 30 பாகையைத் தாண்டும்போது கிடங்குக்குள் எப்படி இருக்கும் என்று பாருங்கள். இன்னொன்று: காபனோரொட்சைட்டு மணமில்லாத நச்சு வாயு. புகை போட்ட கிடங்கை நன்றாகத் திறந்து காற்றாட விடாமல் பிள்ளைகளை உள்ளே இறக்கவே கூடாது.

காபைட் கல் விஷயத்தில் எனக்கு இரண்டு மனம் இல்லை. கல்சியம் காபைட்டில் ஈரம் பட்டால் அசற்றிலீன் வாயு கிளம்பும், கல்சியம் ஐதரொட்சைட்டு மிஞ்சும். காய் விடும் வியர்வையே அதற்குப் போதும். சந்தைக்கு வரும் கல் உருக்கி ஒட்டும் வேலைக்கானது, உணவுக்காகச் சுத்தம் செய்யப்பட்டதல்ல. அதில் ஆசனிக்கும் பொசுபரசும் சிறிதளவு கலந்திருக்கும். அவற்றிலிருந்து ஆசீன், பொசுபீன் என்ற நச்சு வாயுக்கள் வருகின்றன. கல் வைத்த பெட்டியைத் திறந்தால் வரும் உள்ளி மணம் பெரும்பாலும் பொசுபீனால் வருவது. இந்தியாவில் 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதியிலேயே இந்தக் கல்லால் பழுக்க வைத்த பழத்தை விற்கத் தடை இருக்கிறது.

கணக்குப் போட்டாலும் கல் தோற்கிறது. ஒரு கன மீற்றர் பெட்டிக்கு, பத்து இலட்சத்தில் 100 பங்கு எதிலீன் போதும். அது 100 மில்லிலீற்றர், அதாவது ஒரு லீற்றரின் பத்திலொன்று. அதே பெட்டியில் 10 கிராம் காபைட் போட்டால், சுத்தமான கல் என்றே வைத்தாலும், 3.7 லீற்றர் அளவில் அசற்றிலீன் வரும். முப்பத்தேழு மடங்கு. இவ்வளவு வேண்டியிருப்பதற்குக் காரணம், அசற்றிலீன் எதிலீனைவிட எத்தனையோ மடங்கு பலவீனமானது என்பதே. அதோடு காற்றில் 2.5 வீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கக்கூடிய வாயு அது. பூட்டிய கடையறைக்குள், பீடியும் விளக்கும் பக்கத்தில் இருக்க, இதை வைப்பவர்களைக் கண்டால் பயமாக இருக்கிறது.

நாலாவது எதிலீன். இதில்தான் எங்கள் பக்கம் குழப்பம் கூட. எதிபோன் என்ற திரவம் கடைகளில் கிடைக்கிறது. வாளியில் கலந்து மாங்காயை முக்கி எடுக்கிறார்கள், அளவும் கண்மட்டம். வேலை நடக்கும், ஆனால் திரவம் முழுவதும் தோலில் காய்கிறது. நான் விரும்புவது வேறு முறை. எதிபோன் அமிலக் கரைசலில் அடங்கியிருக்கும், காரம் சேர்ந்ததும் உடைந்து எதிலீனாக வெளியேறும். மூடிய அறைக்குள் ஒரு பிளாஸ்ரிக் பாத்திரத்தில் எதிபோனை வைத்து, கொஞ்சம் சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசலை ஊற்றிவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். பழத்தில் வாயு மட்டும் படும். முழுதாக உடையும் என்று வைத்தால், ஒரு கன மீற்றருக்கு ஏறக்குறைய 0.6 கிராம் எதிபோன், லீற்றருக்கு 480 கிராம் உள்ள போத்தலென்றால் ஒன்றேகால் மில்லிலீற்றர். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், தீ பக்கத்தில் வரக்கூடாது. 24 முதல் 48 மணித்தியாலம், இடையிடையே காற்று. வாழைக்கு 16 முதல் 18 பாகை, மாங்காய்க்கு 20 முதல் 22 பாகை இருந்தால் நிறமும் மணமும் ஒழுங்காக வரும்.

அந்தப் பாகைதான் சிக்கல். குளிரூட்டிய அறை ஒரு ஏக்கர் தோட்டக்காரருக்கு எட்டாது. நாலைந்து பேர் சேர்ந்தால் எட்டும். தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் குலை ஏற்றுகிற பரந்தன், விசுவமடுப் பக்கத்து ஆட்கள் கூட்டாக ஒரு அறை போட்டால், கல் வைக்கிற வியாபாரியிடம் பச்சைக்காயாகக் கொடுத்துவிட்டு வருகிற நிலை மாறும் என்று நம்புகிறேன். அதுவரை என்னுடைய முடிவு: வீட்டு மாம்பழத்துக்கு வைக்கோல், வாழைக்குலைக்கு அளவான புகை, விற்பனைக்கு எதிலீன் வாயு. கல்லுக்கு எங்கும் இடமில்லை.

இந்த நாலும் பயன்படாத பழங்களும் உண்டு. அன்னாசி, தோடை, வத்தகப்பழம் எல்லாம் ஆய்ந்த பிறகு இனிக்காது. அவற்றுக்கு எதிலீன் கொடுத்து மினுக்குவது வெறும் நிறத்துக்காகத்தான்.

வாங்குகிறவரும் விற்கிறவரும் அடித்துச் சொல்லக்கூடிய சோதனைகள் சிலது இருக்கின்றன. ஆய்ந்தவுடன் மாங்காயை வாளித் தண்ணீரில் போடுங்கள். தாழ்வது முற்றியது, மிதப்பதை ஊறுகாய்க்கு ஒதுக்குங்கள். எல்லாச் சோதனையிலும் இதைத்தான் நான் முதலில் சொல்வேன், ஏனென்றால் மற்றவை எல்லாம் காலம் கடந்த பிறகு சொல்பவை. அயடீன் மாப்பொருளைக் காட்டும். பிரிக்ஸ் மீற்றரின் கண்ணாடியில் இரண்டு துளி சாறு விட்டு வெளிச்சத்தில் பார்த்தால், கரைந்திருக்கும் வெல்லம் ஏறக்குறைய நூற்றுக்கு எத்தனை பங்கு என்று தெரியும். நல்ல மாம்பழம் 15க்கு மேலே நிற்கும், பப்பாசி 10, 12இலேயே நல்ல இனிப்பு.

பிரிக்ஸ் மட்டும் பார்த்து ஏமாறுபவர்களும் இருக்கிறார்கள். புளிப்பு இறங்காத பழம் 15 காட்டினாலும் நாக்கு ஏற்காது. அதற்குப் பாடசாலை ஆய்வுகூடத்திலேயே வழி உண்டு. 10 கிராம் சதையை மசித்துத் தண்ணீரில் கரைத்து வடித்து, பினோல்ப்தலீன் என்ற நிறங்காட்டி இரண்டு துளி விட்டு, 0.1 மோலார் செறிவுள்ள சோடியம் ஐதரொட்சைட்டை அளவியால் (பியூரெட்) சொட்டுச் சொட்டாக விட வேண்டும். மெல்லிய இளஞ்சிவப்பு நிலைத்து நின்றால் நிறுத்தலாம். ஓடிய ஒவ்வொரு மில்லிலீற்றருக்கும் 0.064 வீதம் சித்திரிக்கமிலம். புளித்த மாங்காய்க்கு 30, 40 மில்லிலீற்றர் ஓடும், கனிந்த பழத்துக்கு 5 மில்லிலீற்றரோடு நின்றுவிடும். ஒரு காலத்தில் இந்தச் சோடியம் ஐதரொட்சைட்டைப் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையே செய்தது. இன்று பாடசாலைப் பிள்ளைகள் அளவியில் விடும் ஒவ்வொரு முறையும் எனக்கு அந்த ஞாபகம் வரும்.

அப்புறம் களஞ்சியம். பச்சை வாழையையும் மாங்காயையும் வீட்டுப் பிரிட்ஜில் வைப்பது பெரிய தவறு. அது 4, 5 பாகையில் ஓடுகிறது. வாழை 13 பாகைக்குக் கீழேயும், மாங்காய் 10, 12 பாகைக்குக் கீழேயும் குளிரால் காயப்படும். தோல் கறுக்கும், வெளியே எடுத்தாலும் ஒழுங்காகப் பழுக்காது, மணம் போய்விடும். முழுதும் பழுத்த மாம்பழத்தைச் சில நாள் வைக்கலாம், அவ்வளவுதான்.

அதற்குப் பதிலாக டெல்லியின் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் வடிவமைத்த ஒரு தொட்டி இருக்கிறது. இரட்டைச் செங்கல் சுவர், நடுவில் ஏழரை சென்ரிமீற்றர் இடைவெளி, அதற்குள் ஆற்று மணல், மேலே ஓலைத் தட்டி. மணலை நனைத்து வைத்தால், நீர் ஆவியாகும்போது உள்ளே சூடு இறங்கும், ஈரம் 90 வீதத்துக்குப் பக்கம் நிற்கும், பழம் சுருங்காது. மின்சாரம் வேண்டாம். காற்று காய்ந்திருந்தால்தான் இது நன்றாக வேலை செய்யும், மார்கழி மழையில் பிரயோசனம் குறைவு. எங்களுக்கு அதிலொரு வசதி: மாம்பழக் காலமும் வரண்ட சோளகம் வீசும் காலமும் ஒன்றாகவே வருகின்றன. காலையில் ஒரு வாளி, மாலையில் ஒரு வாளி மணலுக்கு ஊற்றினால் போதும்.