கஞ்சியா, குழைந்த சாதமா?

உணவுக்குழாய்ப் புற்றுநோய் அறுவைக்குப் பின் வீடு திரும்பியவருக்கு எதைக் கொடுப்பது என்பதில் தஞ்சைப் பக்கத்து வீடுகளில் இன்றும் குழப்பம் இருக்கிறது.

விழுங்க: கஞ்சி எளிது, பருப்பும் நெய்யும் சேர்த்து மசித்த பொன்னி அரிசிச் சாதத்தையோ நன்கு மென்று மெதுவாக உண்ண வேண்டும்.

சத்து: அறுவையில் நீக்கிய உணவுக்குழாய்ப் பகுதிக்குப் பதிலாக இரைப்பையைக் குழாயாக்கி மேலே இழுத்து இணைத்திருப்பதால் சிறிதளவிலேயே வயிறு நிறைந்துவிடும்; அந்த இடத்தை நீர்த்த கஞ்சிக்குக் கொடுப்பது வீண், எடை குறைகிறவருக்குச் சாதமே மேல்.

உண்டபின்: சர்க்கரையிட்ட கஞ்சி குடலுக்கு விரைந்து இறங்கிப் படபடப்பும் வியர்வையும் தரலாம்.

செலவு: பெரிய வேறுபாடில்லை.

தொடக்க வாரங்களுக்குக் கஞ்சி. மருத்துவர் மென்மையான உணவுக்கு அனுமதித்த பின், நாளுக்கு ஆறு சிறு வேளைகளாகச் சாதம், தண்ணீர் அரைமணி தள்ளி. விழுங்குவது மீண்டும் கடினமானால் கஞ்சிக்குத் திரும்பிச் சமாளிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள், இரைப்பையை இணைத்த இடம் சுருங்கியிருக்கலாம்.