பனி தள்ளும் பிளேடைக் கோடைக்கு விட்டுவைக்க இடம் தேடுகிறவர்களுக்கு

ஏப்ரல் நடுப்பகுதியோடு பனி அகற்றும் ஒப்பந்தங்களில் பெரும்பாலானவை முடிந்துவிடும். கனடாவில் ரொறன்ரோ வட்டாரத்தில், ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் பக்கத்தில் இந்தத் தொழில் செய்யும் நம்மவர்கள் பலர் இப்போது பிக்கப்பின் முன்னால் இருக்கும் பிளேடைக் கழற்றி, நவம்பர் வரை எங்கே வைப்பது என்று யோசித்துக்கொண்டிருப்பீர்கள். "கோடைப் பராமரிப்பும் பாதுகாப்பும் ஒரே கட்டணத்தில்" என்ற விளம்பரங்களும் கண்ணில் பட்டிருக்கும். அப்படி விளம்பரம் செய்த ஓர் இடம் போன வருடம் என்னை ஏமாற்றியது. விவகாரம் நீதிமன்றத்தில் இருப்பதால் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் செய்த விதத்தை முழுவதுமாக எழுதுகிறேன். புதுப் பெயின்டுக்கு அடியில் ஒளித்துவைக்கக்கூடிய மோசடி என்பதால், தெரிந்து வைத்திருக்காவிட்டால் யாருக்கும் கண்ணில் படாது.

என்னிடம் இருப்பது 8 அடி நேர் பிளேடு, 350 கிலோ அளவில் எடை. டவுன்ஹவுஸில் அதை வைக்க வழியே இல்லை. கோடையில் அதே பிக்கப்பில்தான் புல்வெட்டும் வேலைக்குப் போகிறேன். அந்த வளவின் உரிமையாளர் நம் ஊர்க்காரர், வயதில் மூத்தவர். உப்பைக் கழுவி, கறளைச் சுரண்டி, பெயின்ட் அடித்து, பிளேடைத் தூக்கித் திருப்பும் ஹைட்ரோலிக் பம்பின் எண்ணெயை மாற்றி, இணைப்புகளுக்கு கிரீஸ் வைத்து, தரையை உரசும் கீழ்த்தகட்டைப் புதிதாகப் போட்டு, கூரைக்குக் கீழே மரக்கட்டைகள் மீது வைத்துத் தருவதாகச் சொன்னார். எல்லாம் சேர்த்து 900 டாலர், முழுவதும் முற்பணம். "கவலையை விடுங்கள் தம்பி, நவம்பரில் வந்து பூட்டிக்கொண்டு போக வேண்டியதுதான்" என்றார்.

நவம்பரில் போனபோது பிளேடு கன்னங்கரேலென்று மின்னியது. கூடவே, "கூரைக்குக் கீழே வைத்ததற்குத் தனிக் கூலி" என்று 180 டாலருக்கு ஒரு புதுப் பில். கொடுத்தால்தான் பொருள் வெளியே போகும் என்றார்கள். அந்தக் கிழமையே பனி வரும் என்று வானிலை அறிவிப்பு இருந்தது. கட்டிவிட்டு எடுத்து வந்தேன்.

முதல் பெரிய பனியில், அதிகாலையில், ஒரு பிளாசாவின் வாகனத் தரிப்பிடத்தில் நிற்கும்போது பிளேடு இடப்பக்கம் திரும்ப மறுத்தது. தூக்கினால் நிற்காமல் மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. கடைகள் திறப்பதற்குள் துப்புரவாக்கிக் கொடுக்க வேண்டிய இடம் அது. வேறொருவரைக் கூப்பிட்டு, என் வருமானத்தை அவரிடம் கொடுத்து முடித்தேன். பிறகு எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக் பட்டறையில் வைத்து ஒவ்வொன்றாகத் திறந்தார். அங்கே பார்த்ததைத்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

பம்பின் வடிகால் திருகைக் கழற்றியதும் எண்ணெய் மோர்போல வெளுத்து வடிந்தது. தண்ணீர் கலந்த எண்ணெய்க்குத்தான் அந்த நிறம் வரும். குளிரில் அந்தத் தண்ணீர் உறைந்து வால்வை இறுக்கிவிடும். பிளேடு திரும்ப மறுத்ததற்குக் காரணம் அதுதான். எண்ணெய் மாற்றியதாகப் பில்லில் தனியாகப் பணம் எழுதியிருக்கிறார்கள்.

பிளேடை இடம் வலமாகத் திருப்பும் இரு பக்கப் பிஸ்டன் தண்டுகளில் ஒன்று முழுக்க வெளியே நீட்டிய நிலையிலேயே கோடை முழுவதும் கிடந்திருக்கிறது. குரோம் பூச்சில் ஊசியால் குத்தியதுபோலக் குழிகள். தண்டு உள்ளே போய் வரும் ஒவ்வொரு முறையும் அந்தக் குழிகளின் விளிம்பு ரப்பர் சீலை அறுக்கிறது, எண்ணெய் கசிகிறது. பிளேடை நேராக வைத்துவிட்டு வெளியே தெரியும் பகுதியில் கிரீஸ் தடவியிருந்தால் இது நடந்திருக்காது. சில டாலர் கிரீஸ் செலவை மிச்சம் பிடித்து, ஒரு முழுச் சிலிண்டரையே மாற்ற வைத்துவிட்டார்கள்.

அடுத்தது பெயின்ட். பிளேடின் பின்பக்கத்தில் குறுக்குச் சட்டங்கள் ஒட்டியிருக்கும் மூலையில் மெக்கானிக் ஸ்குரூ டிரைவரின் நுனியை வைத்து லேசாகத் தட்டினார். கறுப்புப் பெயின்ட் உள்ளங்கை அகலத்துக்குப் பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. அதன் உட்பக்கத்தில் செம்மஞ்சள் கறள், கறளுக்குள் வெள்ளை வெள்ளையாக உப்பு. கழுவவே இல்லை. கம்பித் தூரிகை அந்த இரும்பைத் தொடவும் இல்லை. உப்பின் மேலேயே ஸ்பிரே அடித்து மூடியிருக்கிறார்கள்.

இது சும்மா விட்டதைவிடக் கேடானது. வீதியில் போடும் சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். கடும் குளிரில் பயன்படுத்தும் மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். கல்சியம் குளோரைடும் ஏறக்குறைய அப்படித்தான். ரொறன்ரோவின் ஜூலை, ஓகஸ்ட் புழுக்கத்தில் ஈரம் எந்தளவுக்கு ஏறும் என்று உங்களுக்கே தெரியும். பனி போனதும் உப்பு ஓய்ந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். கழுவாத பிளேடில் அது கோடை முழுவதும் ஈரத்தைப் பிடித்துவைத்து இரும்பைத் தின்கிறது. மேலே பெயின்ட் இருந்தால் அந்த ஈரம் காயவும் மாட்டாது.

கீழ்த்தகட்டில் செய்ததுதான் எனக்கு மிகவும் ஆத்திரத்தைத் தந்தது. புதுத் தகட்டுக்கு என்று பணம் வாங்கியவர்கள், என் பழைய தகட்டையே தலைகீழாகத் திருப்பிப் பூட்டியிருக்கிறார்கள். சில தகடுகளை அப்படித் திருப்பிப் போடலாம், அது தவறான வேலையும் அல்ல. அதைப் புதிது என்று விற்றதுதான் தவறு. போல்ட்டுகளைக் கழற்றியபோது, மேல்பக்கமாகப் போயிருந்த விளிம்பு வீதியில் தேய்ந்து சரிவாகி, பெயின்டுக்கு அடியில் பளபளத்துக்கொண்டிருந்தது. ஒரு முனை மறுமுனையைவிட அதிகம் தேய்ந்திருந்ததும் என் பழைய தகடு போலவே இருந்தது. ஏப்ரலில் கொடுக்கும்போது நான் எடுத்த படத்தோடு அச்சாகப் பொருந்தியது.

மின் இணைப்பு பிளக்கின் உள்ளே செப்பு ஊசிகள் பச்சை பூத்திருந்தன. மூடி போடவும் இல்லை, அதற்கென்று இருக்கும் கிரீஸ் வைக்கவும் இல்லை.

உரிமையாளரிடம் படங்களைக் காட்டினேன். "இரும்பென்றால் கறள் பிடிக்கத்தான் செய்யும் தம்பி" என்றார். "அண்ணை, கறளைப் பற்றி நான் கேட்கவில்லை. செய்யாத வேலைக்கு ஏன் காசு வாங்கினீர்கள்?" என்று கேட்டேன். வாங்கிய தகட்டின் பற்றுச்சீட்டைக் காட்டுங்கள் என்றதும் பேச்சு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு தொலைபேசியை எடுப்பதே இல்லை.

ஆகவே, கொடுக்கப் போகிறவர்கள் பணத்தின் ஒரு பகுதியையாவது கையில் வைத்திருங்கள். வேலை ஒவ்வொன்றுக்கும் விலை தனித்தனியாக எழுதி வாங்குங்கள். பாதுகாப்புக் கட்டணம் எந்தத் தேதிவரை, கூரைக்குக் கீழேயா வெளியிலா என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும். கழற்றிய தகட்டையும் வடித்த எண்ணெயையும் காட்டச் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கழுவிச் சுரண்டிய பின், பெயின்ட் அடிப்பதற்கு முன் ஒரு தடவை நேரில் போய்ப் பாருங்கள். அதற்கு மறுக்கிற இடத்தில் பிளேடை விட வேண்டாம். கீழ்த்தகட்டின் உட்பக்கத்தில், கண்ணுக்குப் படாத இடத்தில் ஓர் அடையாளம் குத்திவைப்பதும் நல்லது. பிளாஸ்டிக் தறப்பாளால் இறுக்கிச் சுற்றி, மண்தரையில் கிடத்தியிருந்தால் அங்கேயே கேளுங்கள். உள்ளே வியர்த்த ஈரம் வெளியேற வழி இருக்காது.

நீங்களே கழுவுவதானால் உயர் அழுத்த நீரைப் பிளக்குகள் மீதும் சீல்கள் மீதும் நேராகப் பாய்ச்ச வேண்டாம். சட்டங்களின் பின்பக்க மூலைகளில்தான் உப்பு அடைந்திருக்கும், அங்கே நேரம் எடுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு வெல்டிங் ஓரங்களில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பெயின்ட் அதற்குப் பிறகுதான்.

சட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தொழிலுக்காக வாங்கிய சேவை என்பதால் ஒன்ராறியோவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நமக்குக் கைகொடுக்காது. பழுதுபார்த்தவரும் பாதுகாப்பில் வைத்தவரும் கூலிக்காகப் பொருளைப் பிடித்துவைக்க இங்கே தனிச் சட்டம் (Repair and Storage Liens Act) இருப்பதும் உண்மைதான். ஆனால் அதே சட்டத்தின் 24ஆம் பிரிவில் நமக்கும் ஒரு வழி இருக்கிறது. பில்லை ஏற்க மறுத்தால், அந்தத் தொகையை நீதிமன்றத்தில் கட்டிச் சான்றிதழ் பெற்றுக் கொடுக்கலாம். அவர்கள் 3 நாட்களுக்குள் பொருளை விட வேண்டும், அல்லது எழுத்தில் ஆட்சேபிக்க வேண்டும். பொருள் நம் கைக்கு வந்துவிடும், பணம் அவர்கள் கைக்குப் போகாமல் நீதிமன்றத்தில் இருக்கும். நவம்பரில் வாசலில் மறித்து நின்று பில் நீட்டுகிறவர்களுக்கு இந்தப் பிரிவின் எண்ணைச் சொல்லுங்கள். நட்டத்தைக் கேட்பதற்குச் சிறு உரிமைகோரல் நீதிமன்றம் இருக்கிறது. 2025 அக்டோபர் முதல் அங்கே 50,000 டாலர் வரை கேட்கலாம்.

நான் சிலிண்டர், எண்ணெய், தகடு, அந்த 180 டாலர் எல்லாவற்றையும் சேர்த்து அங்கே கேட்டிருக்கிறேன். மெக்கானிக் எழுத்தில் அறிக்கை கொடுத்திருக்கிறார். இதே மாதிரி கறுப்புப் பெயின்ட் அடித்துத் தந்த பிளேடு உங்களிடமும் இருந்தால், கழுவுவதற்கு முன் பின்பக்க மூலையில் தட்டிப் பார்த்து, பெயர்ந்து வருவதைத் தேதியோடு படம் எடுத்துவையுங்கள்.