கடுக்காய் ஏந்திய கையும் மருந்துச் சிமிழ் ஏந்திய கையும்

நோய் தீர்க்கும் புத்தராகிய பைஷஜ்யகுருவுக்குச் சிலை வடிக்கும் மரபுகளுள் இரண்டை அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஒன்று, நேபாளத்தின் பாட்டன் நகரில் நேவார் கைவினைஞர்கள் திபெத்திய பௌத்த முறைப்படி வார்க்கும் செம்புச் சிலை. மற்றொன்று, ஜப்பானியர் யகுஷி நியோராய் என வணங்கும் மரச் சிலை. அவர் ஏற்ற 12 உறுதிமொழிகளும், கீழ்த்திசையில் உள்ள வைடூரிய ஒளி உலகும் இரு மரபுகளுக்கும் பொதுவானவை என்றாலும், குணமாக்குதலைக் கைகளில் காட்டும் விதத்தில் அவை வேறுபடுகின்றன.

பாட்டன் சிலையின் வலக்கை முழங்கால்மேல் தாழ்ந்து, உள்ளங்கை வெளியே தெரிய, கடுக்காய்க் கொம்பு ஒன்றை விரலிடையில் பிடித்திருக்கும். மடியிலுள்ள இடக்கையில் பாத்திரம் இருக்கும். திபெத்திய மருத்துவம் மருந்துகளின் அரசனாகப் போற்றுவதும் நம் சித்த மருத்துவர்கள் எடுத்தாளுவதும் ஒரே கடுக்காய்தான் என்பதால், இச்சிலையின் பொருள் தமிழருக்கு எளிதில் பிடிபடும்.

மெழுகில் உருவைச் செய்து, மண் பூசிச் சுட்டு, மெழுகு உருகி வெளியேறிய இடத்தில் செம்பை ஊற்றுகிறார்கள். சுவாமிமலை ஸ்தபதிகளும் மெழுகு வார்ப்பையே கையாள்கிறார்கள். ஆனால் அவர்கள் உள்ளே கெட்டியாக வார்க்க, பாட்டனில் உள்ளே கூடாக வார்க்கிறார்கள். அந்த வெற்றிடத்தில் மந்திரச் சுருள்களை நிரப்பி, அடியைத் தகட்டால் மூடிய பிறகே சிலை வழிபாட்டுக்கு உரியதாகிறது. மரபுவழிப் பொன் பூச்சுக்குப் பாதரசத்தில் கரைத்த தங்கத்தைத் தடவிச் சூடேற்றுவார்கள். நோய் தீர்ப்பவரின் உருவுக்காக நச்சுப் புகையை நெஞ்சில் வாங்கும் அந்தக் கைவினைஞரை மறந்துவிட்டு இச்சிலையின் அழகைப் பேசுவது நியாயமாகாது.

ஜப்பானியச் சிலையில் வலக்கை அஞ்சேல் என உயர்ந்திருக்க, இடக்கையில் பெரும்பாலும் மூடிய மருந்துச் சிமிழ் இருக்கும். எந்த மருந்து என்று சொல்லாமல், மருத்துவர் வந்துவிட்டார் என்ற தைரியத்தையே அது முதலில் தருகிறது. கியோட்டோவின் ஜிங்கோஜி கோயிலில், பொன் பூச்சு இல்லாத மரத்தில் நிற்கும் யகுஷியின் முகம் கடுமையானது. நோயை அதட்டி விரட்டும் முகம் அது. நாராவின் யகுஷிஜி கோயிலையோ, பேரரசர் தென்மு 680இல் தம் மனைவியின் நோய் நீங்கக் கட்டுவதாக நேர்ந்துகொண்டார். மனைவி பிழைத்தார், கணவர் 686இல் இறந்தார், பின்னர் அரசியான அந்த மனைவி ஜிதோவே கோயில் பணியைத் தொடர்ந்தார். அங்குள்ள மூலவர் வெண்கலத்தால் ஆனவர். கையில் சிமிழ்கூட இல்லை.

கலையாக ஜிங்கோஜி சிலைக்கே என் மனம் சாய்கிறது. வீட்டில் வைத்துத் தியானிக்கப் பாட்டன் சிலையைத்தான் பரிந்துரைப்பேன். மருந்தும் அதைத் தரும் கையும் அதில் ஒருசேரத் தெரிகின்றன. வாங்குபவர் முதலில் வலக்கையைப் பார்க்க வேண்டும்: உள்ளங்கை உட்புறம் திரும்பி, கொம்பின்றி, விரல்கள் நிலத்தைத் தொட்டால், மடியில் பாத்திரம் இருந்தாலும் அவர் கௌதம புத்தராகிய சாக்கியமுனியே தவிர பைஷஜ்யகுரு அல்லர்.